ஃபோர்க் செய்வதா, புதிதாக எழுதுவதா: பராமரிப்பாளர் இறங்கி வராதபோது செய்ய வேண்டியவை

மளிகைக் கடைகளுக்கான பில் மென்பொருளை நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதி விற்கிறோம். பில்லைப் பி.டி.எஃப். ஆக்குவதற்கு ஒரு திறமூல நிரலகத்தை (மூல நிரலோடு பொதுவில் கிடைக்கும் ஆயத்த நிரல் தொகுப்பை) பயன்படுத்திவந்தோம். எழுத்துருவில் இருக்கும் வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க அதற்குத் தெரியும். இந்திய மொழிகளுக்கு வேண்டிய முன்பின் மாற்றமும் கூட்டெழுத்தும் தெரியாது. அதனால் 'வெல்லம்' என்று உள்ளிட்டால் ஒற்றைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் லகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'துவரம்பருப்பு' என்பதில் து உடைந்து, தகரம் ஓரிடத்திலும் உகரக் குறி வேறோரிடத்திலுமாக அச்சாகும். எழுத்துகளைச் சரியான வடிவில் கோர்த்துத்தரும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தை இடையில் இணைத்தால் இது தீர்ந்துவிடும். இணைத்துச் சோதித்து, திருத்தத்தை அந்த நிரலகத்தின் பராமரிப்பாளருக்கு, அதாவது எந்த மாற்றத்தை ஏற்பது என்று முடிவு செய்பவருக்கு, அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து, கூடுதல் சார்பு (இன்னொரு நிரலகத்தை நம்பியிருப்பது) வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் எழுதி, உரையாடலையும் பூட்டிவிட்டார்.

அந்தக் கோபத்தில் நிரலகம் முழுவதையும் புதிதாக எழுத உட்கார்ந்து, 14 வாரங்களைச் செலவிட்டு, பாதியில் கைவிட்டு, கடைசியில் ஃபோர்க் செய்தேன், அதாவது இருக்கும் நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாக நடத்தத் தொடங்கினேன். ஃபோர்க் 9 நாளில் முடிந்தது. இதே இடத்தில் நிற்பவர்கள் அந்த 14 வாரங்களை இழக்காமல் இருப்பதற்காக, நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் இதை எழுதுகிறேன்.

1. மறுப்பு எந்த வகை என்று முதலில் எழுதிவையுங்கள்

'பராமரிப்பாளர் சரியில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு நிலைமைகள் அடங்கிவிடுகின்றன. பதிலே வராமல் இருப்பது ஒன்று. பதில் வந்து, வேண்டாம் என்று சொல்லப்படுவது இன்னொன்று. திட்டத்தின் உரிமமே மாற்றப்படுவது மூன்றாவது. பேச்சு அவமதிப்பாக மாறுவது நான்காவது. முதல் வகைக்குப் பெரும்பாலும் காத்திருப்பே மருந்து. அவர் சம்பளமில்லாமல், வேலை முடிந்த இரவுகளில் இதைச் செய்பவராக இருக்கலாம். உங்கள் திருத்தம் 2,000 வரிக்கு இருந்தால் அதைப் படிக்கவே அவருக்கு ஒரு வாரயிறுதி போய்விடும்.

எனவே, திருத்தத்தை முடிந்தவரை சிறு துண்டுகளாக உடையுங்கள். நான் அனுப்பியது ஒரே பெரிய திருத்தம். அதில் ஹார்ஃப்பஸ் இணைப்போடு, எனக்குப் பிடிக்காத சில பெயர்களையும் மாற்றியிருந்தேன். வெளியிலிருந்து வருபவர் வீட்டுக்காரரின் அலமாரியை அடுக்கிவைப்பது போன்ற வேலை அது. ஹார்ஃப்பஸை விருப்பத் தேர்வாக, நிறுவினால் மட்டும் இயங்குவதாக வைத்திருந்தால் 'கூடுதல் சார்பு' என்ற மறுப்புக்கே இடமிருந்திருக்காது.

எப்போது அனுப்பினீர்கள், என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதைத் தேதியோடு ஒரு பக்கத்தில் தொகுத்துவையுங்கள். பின்னால் ஃபோர்க்கின் விளக்கக் கோப்பில் 'ஏன் பிரிந்தோம்' என்று இரண்டு வரி எழுதும்போது, வசை இல்லாமல் எழுத இது உதவும். எட்டு வாரம், இரண்டு நினைவூட்டல் என்று நான் இப்போது எல்லை வைத்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பராமரிப்புப் பொறுப்பை எனக்குக் கொடுங்கள் என்று திரும்பத் திரும்ப நெருக்காதீர்கள். எக்ஸ்.இசட். என்னும் சுருக்க நிரலில் இப்படித்தான் சோர்ந்திருந்த பராமரிப்பாளரைப் பல பெயர்களில் நெருக்கி, பொறுப்பைப் பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தது 2024 மார்ச் மாதம் வெளிப்பட்டது. அதன்பின், முன்பின் தெரியாதவரின் அவசரத்தைப் பார்த்தாலே பராமரிப்பாளர்கள் கதவை இன்னும் இறுக்கிச் சாத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2. உரிமத்தைக் கோப்பு கோப்பாகப் படியுங்கள்

ஃபோர்க் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உரிமமே அந்த அனுமதி. ஆனால் அது நிபந்தனைகளோடு வருகிறது. எம்.ஐ.டி. உரிமம் என்றால் பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் போதும். அப்பாச்சி 2.0 என்றால், மாற்றிய கோப்புகளில் மாற்றியிருக்கிறோம் என்ற குறிப்பு வேண்டும். 'நோட்டீஸ்' என்ற கோப்பு இருந்தால் அதிலுள்ள அறிவிப்புகளையும் கூடவே எடுத்துச்செல்ல வேண்டும். ஜி.பி.எல். குடும்பத்தில் மாற்றிய விவரத்தோடு தேதியும் சேர வேண்டும், நிரலைப் பெறுபவருக்கு மூலமும் கிடைக்க வேண்டும். ஏ.ஜி.பி.எல். என்றால் நிரலைக் கையில் கொடுக்காமல் இணையச் சேவையாக மட்டும் நடத்தினாலும், நீங்கள் மாற்றிய மூலத்தை அதைப் பயன்படுத்துபவர்களுக்குத் தர வேண்டும்.

நாங்கள் பயன்படுத்தியது எல்.ஜி.பி.எல். நிரலகம். எங்கள் மென்பொருள் கடைக்காரரின் கணினியில் நிறுவப்படுவதால் அது விநியோகம். ஆகவே நாங்கள் மாற்றிய நிரலகத்தின் மூலத்தை அவர் கேட்டால் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். எங்கள் சொந்த பில் நிரலைக் கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று தெரியாமலேயே மூன்று ஆண்டுகள் விற்றுக்கொண்டிருந்தோம் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வழக்கமாக விழும் குழிகள் இவை. களஞ்சியத்தின் (திட்டத்தின் கோப்புகளெல்லாம் இருக்கும் இடத்தின்) முகப்பில் ஓர் உரிமம் இருந்தாலும், உள்ளே வேறிடத்திலிருந்து ஒட்டப்பட்ட கோப்புகளுக்கு, சோதனைக்கு வைத்த எழுத்துருக்களுக்கு, படங்களுக்கு வேறு உரிமம் இருக்கலாம். உரிமக் கோப்பே இல்லையென்றால், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் இருக்கிறது என்பதற்காக அது திறமூலம் ஆகிவிடாது, அதைத் தொடாதீர்கள். உரிமம் இடையில் மாற்றப்பட்டிருந்தால், மாற்றத்துக்கு முந்தைய பதிப்பிலிருந்துதான் பிரிய முடியும். 2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்ம் என்ற மேகக்கணிமைக் கருவி தன் திறமூல உரிமமான எம்.பி.எல். 2.0-ஐக் கைவிட்டபோது, ஓப்பன்டோஃபு என்ற ஃபோர்க் அதற்கு முந்தைய நிரலிலிருந்துதான் கிளைத்தது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சில் உரிமம் மாற்றியபோது, அதன் ஃபோர்க்கான வால்கீ 7.2.4 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அதன்பின் மூலத் திட்டத்தில் வரும் ஒரு வரியையும், அது பாதுகாப்புத் திருத்தமாகவே இருந்தாலும், பழைய உரிமத்தில் இருப்பதாக நினைத்து ஒட்ட முடியாது.

3. வேலை செய்யும் இடத்திலிருந்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17(சி) பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பணியின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் பணியமர்த்தியவரே. நீங்கள் அலுவலக வேலைக்காக எழுதிய திருத்தத்தை உங்கள் சொந்தப் பெயரில் ஃபோர்க்காக வெளியிட்டால், நாளைக்கு அதைப் பயன்படுத்தும் எல்லாரும் சிக்கலில் மாட்டுவார்கள். திட்டத்தின் பெயர், உரிமம், யார் பெயரில் பதிப்புரிமை, அலுவலக நேரத்தில் பராமரிக்கலாமா என்ற நான்கு விஷயங்களுக்கும் மின்னஞ்சலில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். தேநீர்க் கடையில் மேலாளர் 'தாராளமா பண்ணுப்பா' என்று சொன்னது அனுமதி ஆகாது. அவர் மாற்றலாகிப் போவார்.

4. ஃபோர்க்குக்கு முன் பேட்ச்

ஃபோர்க், மறுஎழுத்து என்ற இரண்டு சொற்களையே பார்த்துக்கொண்டிருப்பதால் மூன்றாவது வழி கண்ணில் படுவதில்லை. மூலத் திட்டத்தின் ஒரு குறிப்பிட்ட பதிப்பை நிலைநிறுத்தி, உங்கள் மாற்றங்களைத் தனித்தனிப் பேட்ச் கோப்புகளாக (மாறும் வரிகளை மட்டும் பதியும் கோப்புகளாக) வைத்து, கட்டமைக்கும்போது அவற்றைப் பொருத்துவதுதான் அது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் தொகுப்பாளர்கள் ஆயிரக்கணக்கான நிரல்களை இப்படித்தான் பராமரிக்கிறார்கள். பெயர், சின்னம், அறிவிப்பு, பயனர் ஆதரவு எதுவும் வேண்டாம். பேட்ச்களைப் பார்த்தாலே உங்கள் வேறுபாடு எவ்வளவு என்று தெரியும்.

பத்துக்கும் குறைவான பேட்ச், அதைப் பயன்படுத்துவது நீங்கள் மட்டும் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். வேறு நிறுவனங்களும் அதே திருத்தத்தைக் கேட்கும்போதோ, ஒவ்வொரு புதிய பதிப்பிலும் பாதிப் பேட்ச்கள் பொருந்தாமல் போகும்போதோ அடுத்த படிக்குப் போகலாம்.

5. முடிவெடுக்கும் முன் எண்ணிப் பாருங்கள்

மூன்று எண்கள் வேண்டும். நிரலகத்தில் நீங்கள் உண்மையில் அழைக்கும் செயல்கூறுகள் எத்தனை. மொத்தத்தில் அது எவ்வளவு பங்கு. அவற்றுக்கு ஏற்கெனவே இருக்கும் சோதனைகள் எத்தனை. எங்கள் பில் மென்பொருள் அந்த நிரலகத்தில் 11 செயல்கூறுகளைத்தான் அழைத்தது. பதினொன்றுதானே, எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவற்றின் அடியில் எழுத்துருவைத் துண்டாக்கிப் பொதிப்பது, படத்தைச் சுருக்குவது, சில பழைய அச்சுப்பொறிகளின் கோளாறுக்கு ஏற்ப வளைந்துகொடுப்பது என்று பத்தாண்டு அனுபவம் புதைந்திருந்தது. நாங்கள் புதிதாக எழுதியதில் பில் அழகாக வந்தது; ஆறாவது வாரத்தில் ஒரு கடையின் அச்சுப்பொறி வெற்றுத் தாளைத் துப்பியபோதுதான், பழைய நிரலில் 'இது எதற்கு' என்று நான் சிரித்துவிட்டுத் தவிர்த்த நான்கு வரிகள் எதற்கு என்று புரிந்தது.

பெரிய திட்டங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. நெட்ஸ்கேப் 1998-இல் தன் உலாவியின் உட்பகுதியைப் புதிதாக எழுதத் தீர்மானித்தது. ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை, ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில்தான் வந்தது. மாறாக நியோவிம் 2014-இல் விம் என்ற உரைத்தொகுப்பு நிரலிலிருந்து பிரிந்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வைத்துக்கொண்டே பழைய இயங்குதளங்களுக்கான பகுதிகளை வெட்டி, உட்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எழுதியது. பயனர்கள் ஒரு நாளும் வெறுங்கையோடு நிற்கவில்லை. மறுஎழுத்து வேண்டுமென்று மனம் கேட்டாலும், ஃபோர்க்குக்குள் இருந்துகொண்டு அதைச் செய்யுங்கள் என்பதே என் கருத்து.

வெளியிலிருந்தே புதிதாக எழுதுவது பொருந்தும் இடங்கள் குறைவு. உரிமம் உங்களுக்கு ஒத்துவராதபோது, நிரலின் மொழியே தடையாக இருக்கும்போது, அல்லது வேண்டியது சிறு பகுதியாக இருந்து அதற்குத் தெளிவான எழுத்துவடிவத் தரவரையறையும் இருக்கும்போது மட்டும் அதை நினையுங்கள். பராமரிப்பாளர் மீதுள்ள கோபம் இந்தப் பட்டியலில் இல்லை.

6. ஃபோர்க் என்று முடிவானால்

முதல் வேலை பெயர். உரிமம் நிரலைத் தருகிறது, பெயரைத் தருவதில்லை. அப்பாச்சி உரிமம் வணிகக்குறியைத் தரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 2011-இல் ஹட்சன் என்ற தானியங்கிக் கட்டமைப்பு மென்பொருளின் பெயருக்கு ஆரக்கிள் நிறுவனம் உரிமை கோரியதால்தான் அந்தச் சமூகம் ஜென்கின்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய பெயரோடு 'புதிய', 'பிளஸ்' என்று ஒட்டுப்போடாமல் வேறு பெயர் வையுங்கள். இந்திய வணிகக்குறிப் பதிவகத்தின் தளத்தில், மென்பொருளுக்கும் மென்பொருள் சேவைக்கும் உரிய 9, 42 ஆகிய வகுப்புகளில் தேடிப் பார்க்கக் கட்டணமில்லை. பதிவு செய்ய விரும்பினால் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்குத் தனிநபர், சிறு நிறுவனங்களுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். நாங்கள் பதிவு செய்யவில்லை. இந்த அளவுக்குத் தேவையுமில்லை.

தொகுப்பின் பெயரும் நிரலுக்குள் அழைக்கும் பெயரும் வேறு வேறு. பைத்தானில் பில்லோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: படங்களைக் கையாளும் பி.ஐ.எல். நிரலகத்திலிருந்து 2010-இல் பிரிந்தபோது தொகுப்புக்குப் புதுப் பெயர் வைத்து, அழைக்கும் பெயரைப் பழையதாகவே விட்டார்கள். பயனர்கள் தங்கள் நிரலைப் பெரிதாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கொடுக்கும் விலை, இரண்டையும் ஒரே சூழலில் நிறுவ முடியாது என்பது. இதை விளக்கக் கோப்பின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

பழைய தொகுப்புப் பெயரையே பெறலாமா என்று கேட்பார்கள். பைத்தான் தொகுப்புகளை வெளியிடும் பைப்பை தளத்தில் அதற்கு வழி உண்டு. ஆனால் உரிமையாளரைத் தொடர்புகொள்ள ஆறு வாரங்களில் குறைந்தது மூன்று முறை முயன்றும் பதிலில்லை, பன்னிரண்டு மாதங்களாக வெளியீடு இல்லை, திட்டப் பக்கத்திலும் அவர் அசைவு இல்லை என்றால்தான் அது கைவிடப்பட்டதாகக் கருதப்படும். 'வேண்டாம்' என்று பதில் சொன்னவர் கைவிட்டவர் அல்லர்.

கிட்ஹப்பில் ஃபோர்க் பொத்தானை அழுத்தும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புது ஃபோர்க்கில் பிழைப் பதிவுப் பகுதி அணைந்திருக்கும். தானியங்கிச் சோதனைகளும் நீங்கள் இயக்கும்வரை ஓடா. பொதுக் களஞ்சியத்தின் ஃபோர்க்கைப் பின்னால் தனிப்பட்டதாக மாற்ற முடியாது. எல்லாவற்றையும்விட மோசமானது, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம்) திறந்தால் இயல்பாக அது மூலத் திட்டத்தை நோக்கியே திறக்கும். எங்கள் குழுவில் ஒருவர் வாடிக்கையாளரின் கடைப் பெயர் இருந்த சோதனைக் கோப்போடு ஒரு மாற்றத்தை இப்படி மூலத் திட்டத்துக்கே அனுப்பிவிட்டார். எங்களிடம் ஏற்கெனவே எரிச்சலில் இருந்த பராமரிப்பாளருக்குப் போன கடைசிக் கடிதம் அதுதான். நீண்டகால ஃபோர்க் என்று தெரிந்தால் பொத்தானை விட்டுவிட்டு, முழு வரலாற்றோடு நகலெடுத்துப் புதிய களஞ்சியமாக ஏற்றுங்கள். வரலாற்றை ஒருபோதும் வெட்டாதீர்கள். யார் எந்த வரியை எழுதினார் என்பதற்கான சான்று அதுவே.

7. புதிதாக எழுதுவது என்றே முடிவானால்

பழைய நிரலைப் படித்தவர் புதிய நிரலை எழுதக் கூடாது. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் ஐ.பி.எம். கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலுக்கு மாற்று எழுதியபோது, ஒரு குழு பழையதை ஆராய்ந்து என்ன செய்கிறது என்பதை மட்டும் ஆவணமாக்கியது. அதைப் பார்த்திராத வேறு ஆட்கள் ஆவணத்தை வைத்து எழுதினார்கள். நான்கு பேர் இருக்கும் இடத்தில் இது கடினம்தான். ஆனால் வேறு உரிமத்தில் வெளியிடுவதே நோக்கம் என்றால் இந்தப் பிரிவினை இல்லாமல் முடியாது.

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்றால், மூலத் திட்டத்தில் 'அகலம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இரண்டு எழுத்து இடம்மாறிய பிழையோடு ஒரு மாறிக்குப் பெயராக வைத்திருந்தார்கள். என் 'முற்றிலும் புதிய' நிரலைப் படித்துப்பார்த்த சக ஊழியர் அதே மாறியை, அதே பிழையோடு, அதே வேலைக்கு நான் வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். நான் பார்த்து எழுதவில்லை. இரண்டு ஆண்டுகள் படித்ததைக் கை தானாக எழுதியிருக்கிறது. எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிடும் எண்ணம் அன்றே முடிந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் பழைய கோப்பைக் கொடுத்து 'வேறு மாதிரி எழுதித்தா' என்று கேட்பதும் இதே குழிதான்.

எழுதும் முன் சோதனைத் தொகுப்பு வேண்டும். பழைய நிரலுக்கு நூறு உள்ளீடுகளைக் கொடுத்து வெளியீட்டைச் சேமித்து, புதிய நிரல் அவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உள்ளீடுகள் உங்கள் வாடிக்கையாளர்களின் உண்மையான பில்களின் சாயலில் இருக்கட்டும். பெயர்களையும் தொலைபேசி எண்களையும் மட்டும் மாற்றிவிடுங்கள்.

8. பணமும் நாளும்

கையிலிருந்து போன பணம் மிகக் குறைவு. களப்பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் ஆனது. பொதுக் களஞ்சியங்களுக்குக் கிட்ஹப்பின் வழக்கமான தானியங்கிச் சோதனைகள் இலவசம். தனிப்பட்டவை என்றால் இலவசக் கணக்கில் மாதம் 2,000 நிமிடங்கள். உண்மையான செலவு நாட்கள். ஃபோர்க்கின் 9 நாட்களில் பெயர் மாற்றத்துக்கு 2, உரிமக் குறிப்புகளுக்கு 1, சோதனைகளை ஓடவைக்க 4, ஆவணத்துக்கு 2 என்று போனது. நிரலை மாற்றியதற்கு நாளே ஆகவில்லை, திருத்தம் கையில் இருந்ததே. அதன்பின் மூலத் திட்டம் ஒவ்வொரு முறை வெளியிடும்போதும் அரைநாள். பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றே உட்கார வேண்டும். பயனர்கள் உங்களை நம்பித் தொகுப்பை மாற்றிய பின் 'தீபாவளி விடுமுறை' என்று சொல்ல முடியாது. ஓட்டையைத் தனியாகத் தெரிவிக்க ஒரு முகவரியைப் பாதுகாப்புக் கோப்பில் கொடுங்கள்.

9. மூலத் திட்டத்தோடு கயிற்றை அறுக்காதீர்கள்

நியோவிம் இன்றும் விம்மில் வரும் ஒவ்வொரு பேட்ச்சையும் எண் வாரியாகக் கணக்கு வைத்து, ஏற்றது எது, பொருந்தாதது எது என்று குறித்துக்கொண்டு எடுத்துக்கொள்கிறது. அதே முறையை ஒரு சாதாரண அட்டவணையில் நீங்களும் செய்யலாம். மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் நிரலில், ஒருமுறை தீர்த்த மோதலை (ஒரே வரியை இரு பக்கமும் மாற்றியதால் வரும் முரணை) நினைவில் வைத்து மறுமுறை தானாகத் தீர்க்கும் 'ரீரீரீ' என்ற வசதியை இயக்கிவிடுங்கள். பெயரைப் பார்த்துச் சிரித்துக் கடந்துபோனவர்களில் நானும் ஒருவன்.

எடுத்துக்கொள்பவரே நிலைப்பார் என்பதற்கு காணொளிகளைக் கையாளும் எஃப்.எஃப்.எம்பெக் நிரல் சாட்சி. 2011-இல் லிப்ஏவி அதிலிருந்து பிரிந்தது, எஃப்.எஃப்.எம்பெக் பக்கமோ லிப்ஏவி செய்த மாற்றங்களைத் தொடர்ந்து தன்னோடு இணைத்துக்கொண்டே வந்தது. முதலில் லிப்ஏவிக்கு மாறியிருந்த டெபியன், 2015-இல் திரும்பி வந்துவிட்டது. பிரிந்தவை மீண்டும் சேர்ந்ததும் உண்டு: ஜி.சி.சி. என்ற நிரல்மொழி மாற்றியிலிருந்து 1997-இல் பிரிந்த ஈ.ஜி.சி.எஸ். 1999-இல் அதிகாரபூர்வ ஜி.சி.சி.யாகவே ஆனது, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோடிலிருந்து 2014 இறுதியில் பிரிந்த ஐஓ.ஜேஎஸ். அடுத்த செப்டம்பரில் நோட் 4.0-ஆகத் திரும்பிச் சேர்ந்தது. சேரும் வாய்ப்பு இருக்க வேண்டுமென்றால் உங்கள் மாற்றங்கள் மூலத்தின் அதே உரிமத்தில், சிறு துண்டுகளாக, அவர்கள் நடையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கமிட்டிலும் (வரலாற்றில் பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும்) எழுதியவரின் ஒப்பக் குறிப்பும் இருக்கட்டும்.

எங்கள் அட்டவணையில் இப்போது 31 வரிகள் இருக்கின்றன. போன மாதப் புதிய பதிப்பை இணைக்க மூன்று மணி நேரம் ஆனது. அதில் இரண்டரை மணி நேரம், மூலத்தில் யாரோ அந்தப் பிழையான மாறிப் பெயரைக் கடைசியில் திருத்தியிருந்ததால் எழுந்த மோதல்களுக்கே போனது.